பதினொன்றில் உடற்கல்விப் பாடம்: எடுக்கலாமா, எதோடு சேர்த்து எடுப்பது?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். என் மகள் ஆத்தூர் பக்கம் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வாலிபால் டீமில் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். போன வருடம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் வட்டார அளவிலான கிளஸ்டர் போட்டி வரை போய் வந்தாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆறாவது பாடமாக ‘பிசிக்கல் ஆக்டிவிட்டி டிரெய்னர்’ எடுத்திருக்கிறாள், அதில் நல்ல மார்க்கும் வருகிறது. இப்போது பதினொன்றில் காமர்ஸோடு பிசிக்கல் எஜுகேஷன் எடுக்கப் போகிறேன் என்கிறாள். காமர்ஸ் என்றால் பிராக்டிஸுக்கு நேரம் கிடைக்குமாம். ஆனால் பிசியோதெரபிஸ்ட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோச் ஆக வேண்டும் என்றும் சொல்கிறாள். என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். “ஓடுறதுக்கும் குதிக்கிறதுக்கும் எதுக்குப் புத்தகம்? மார்க் வராத பிள்ளைங்க எடுக்கிற பாடம் அது” என்கிறார். பள்ளியிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கும் என்கிறார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். இரண்டு மாதமாக அவளுக்கு முட்டி வலி வேறு. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடற்கல்விப் பாடத்தைத் தாராளமாக எடுக்கட்டும். ஆனால் பிசியோதெரபி ஆசை நிஜமான ஆசை என்றால் காமர்ஸோடு எடுக்க வேண்டாம். ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஐந்தாவது பாடமாக எடுக்க வேண்டும். கோச் ஆவதுதான் குறி, பிசியோ சும்மா வாயில் வந்தது என்றால் காமர்ஸில் ஒரு குறையும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தமே இல்லை. முட்டி வலியைக் கடைசியில் பேசுகிறேன், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி, ஒரே பெயரில் மூன்று விஷயங்கள் ஓடுவதால் வருகிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உடல்நலமும் உடற்கல்வியும் கட்டாயம். அதற்குப் பொதுத்தேர்வு கிடையாது. நாம் பி.டி. பீரியட் என்று சொல்வது இதைத்தான். கணக்கு வாத்தியார் போர்ஷன் முடியவில்லை என்று கடன் வாங்கிக்கொண்டு போய், திருப்பியே தராத பீரியட். உங்கள் கணவர் மனதில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, உங்கள் மகள் இப்போது படிக்கும் திறன் பாடம். பாட எண் 418. ஐ.டி., சில்லறை வணிகம், அழகுக்கலை போன்ற தொழில்சார் பாடங்களின் வரிசையில் வருவது. 50 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 50 செய்முறையும் செயல்திட்டமும். எழுத்துத் தேர்விலும் 10 மதிப்பெண் பேச்சுத்தொடர்பு, கணினிப் பயன்பாடு, சுயதொழில் மாதிரியான பொதுத் திறன்களுக்குப் போய்விடும். இந்தப் பாடம் வீராங்கனையை உருவாக்க வந்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற விளையாட்டைத் திட்டமிடுவது, கருவிகளைக் கணக்கு வைப்பது, வகுப்பைப் பாதுகாப்பாக நடத்துவது என்று ஒரு உதவிப் பயிற்றுநர் செய்யும் வேலையைக் கற்றுத்தருகிறது. இன்னொரு லாபமும் உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் இவற்றில் ஒன்றில் கோட்டை விட்டுவிட்டு இந்த ஆறாவது பாடத்தில் தேறியிருந்தால், விட்ட பாடத்தின் இடத்தில் இதை வைத்துக்கொள்ளலாம். பல பள்ளிகள் திறன் பாடத்தை ஊக்குவிப்பதற்கு உள்காரணம் இதுதான் என்பது என் அபிப்ராயம். அதில் தப்பும் இல்லை.

மூன்றாவதுதான் இப்போது கேள்விக்கு வந்திருப்பது: பதினொன்று, பன்னிரண்டில் வரும் உடற்கல்வி, எண் 048. பொதுத்தேர்வு உள்ள முழுப் பாடம். 70 எழுத்து, 30 செய்முறை. திறன் பாட வரிசையில் இது சேராது. வேதியியல், கணக்குப்பதிவியல் மாதிரி விருப்பப் பாடம். (நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலையில் இப்படி ஒன்று முதன்மைப் பாடமாக இல்லை. அதனால்தான் நம் ஊரில் பலருக்கு இது புதுசாகத் தெரிகிறது.)

ஓடுவதற்கும் குதிப்பதற்கும் எதற்குப் புத்தகம் என்று கேட்கிறாரே, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். பத்து அலகுகள். போட்டி நடத்தும் நிர்வாகம், பெண்களும் குழந்தைகளும் விளையாட்டும், வாழ்க்கைமுறை நோய்களுக்கு யோகா, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான உடற்கல்வி, உணவு, அளவீடும் சோதனையும், உடலியங்கியலும் காயங்களும், உயிர் இயக்கவியல், உளவியல், பயிற்சி முறைகள். இயக்கவியல் அலகில் நியூட்டன் விதிகளும் நெம்புகோலும் வரும். இயற்பியலும் படிக்கிற பிள்ளைக்கு ஒரே விஷயத்தை இரண்டு புத்தகத்தில் பார்க்கிற வசதி.

முதல் அலகையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் போன கிளஸ்டர் போட்டிக்குப் பதினோரு அணிகள் வந்திருந்தன என்று வைத்துக்கொள்வோம். நாக்-அவுட் முறை என்றால் மொத்தம் பத்து ஆட்டம். பதினொன்று என்பது இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்ற வரிசையில் உட்காராத எண். ஆகவே பதினாறில் பதினொன்று போக ஐந்து அணிகளுக்கு முதல் சுற்றில் ‘பை’ கொடுக்க வேண்டும், அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்ப வேண்டும். யாருக்குக் கொடுப்பது, எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கு முறை இருக்கிறது. தெரியாமல் போட்டால் மைதானத்தில் சண்டை வரும். நான் பார்த்த பள்ளிப் போட்டிச் சண்டைகளில் நடுவர் தீர்ப்புக்காக வந்ததைவிட பிக்ஸ்சர், அதாவது யாரோடு யார் ஆடுவது என்ற அட்டவணை போட்டதில் வந்தவைதான் அதிகம்.

சரி, ஆறு அணிகளுக்கு, எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை ஆடுகிற லீக் நடத்துகிறீர்கள், ஒரே ஒரு கோர்ட். ஆறு அணிக்குப் பதினைந்து ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் என்றால் மொத்தம் பதினொன்றே கால் மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முடியாது. அதையே மூன்று மூன்றாக இரண்டு பிரிவாக்கினால் பிரிவு ஆட்டம் ஆறு, அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆக ஒன்பது. ஆறே முக்கால் மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு இடைவேளை விட்டும் சாயங்காலம் நாலு மணி வாக்கில் கோப்பையைக் கொடுத்துவிடலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். எத்தனை வண்டி, எத்தனை நடை, எவ்வளவு நேரம் என்று டிப்போவில் தினமும் போடுகிற கணக்குதானே. இரண்டு டோர்னமெண்டை இப்படி ஒழுங்காக நடத்திக் காட்டிய பிள்ளைக்குக் கல்லூரியில் தனி மதிப்பு உண்டு.

அளவீட்டு அலகில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. முதியவர்களுக்கான உடற்தகுதிச் சோதனை, ரிக்லி-ஜோன்ஸ் சோதனை என்று பெயர். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். கையை ஊன்றினால் கணக்கில்லை. ஒரு கையை மேலாகவும் ஒரு கையைக் கீழாகவும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்கள் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்ப்பது இன்னொன்று. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பது மற்றொன்று. பாட்டியையோ தாத்தாவையோ உட்காரவைத்து இதைச் செய்து பார்க்கும் பிள்ளைக்கு, கால் தொடைத் தசை வலுவிழந்தால் பாத்ரூமில் எழுந்திருப்பதே எப்படிக் கஷ்டமாகிறது என்று ஒரே நாளில் புரிந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் ஆக நினைக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல வாசல் பள்ளிக்கூடத்தில் வேறெங்கே கிடைக்கும்?

பெண்களும் விளையாட்டும் என்ற பகுதியை மகளோடு நீங்களும் உட்கார்ந்து படியுங்கள், சகோதரி. அம்மாக்கள் படிக்க வேண்டிய பாடம் அது. காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஐந்தரைக்குக் கிரவுண்டுக்கு ஓடி, திரும்பி வந்து அவசரமாக இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு ஸ்கூல் பஸ் பிடிக்கிற பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு எங்காவது மிச்சம் பிடிக்கும். முதலில் மாதவிடாய் தள்ளிப் போகும், அப்புறம் நின்றே போகும். போட்டி நேரத்தில் தொல்லை இல்லை என்று பிள்ளைகள் வெளியே சொல்வதும் இல்லை. இது நீடித்தால் எலும்பு பலம் இழக்கும். போதாத உணவு, நின்றுபோன மாதவிடாய், தேய்ந்த எலும்பு இந்த மூன்றும் கைகோத்து வருவதைத்தான் அந்தப் புத்தகம் விளையாட்டுப் பெண்களின் முக்கூட்டுக் கோளாறு என்று சொல்லித்தருகிறது. ஆண் பி.டி. வாத்தியாரிடம் எந்தப் பிள்ளையும் இதைப் பற்றி வாய் திறக்காது. பாடமாக இருப்பதால் வகுப்பிலாவது பேச்சு வருகிறது. மகளுக்கு மாதவிடாய் சரியாக வருகிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்று அந்த முட்டி வலிக்காகப் போகும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

செய்முறை 30 மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். உடற்தகுதித் தேர்வுக்கு 6, விருப்ப விளையாட்டில் திறமைக்கு 7, யோகாவுக்கு 7, ரெக்கார்டுக்கு 5, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 5. அதாவது, உங்கள் மகள் எவ்வளவு பிரமாதமான செட்டராக இருந்தாலும் அவள் வாலிபால் ஆடுவதற்கு நேரடியாகக் கிடைப்பது நூற்றுக்கு ஏழு. எழுத்துத் தேர்வில் 70-க்கு உட்கார்ந்து படித்தால்தான் உண்டு. நன்றாக விளையாடுகிறோம், பாடம் தானாக வந்துவிடும் என்று நினைத்து இதை எடுத்த பல பிள்ளைகள் பன்னிரண்டில் முகம் சுண்டிப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதே வகுப்பில் பந்தையே தொடாத ஒரு பிள்ளை தொண்ணூற்றைந்து வாங்கிக்கொண்டு போகும். இந்தப் பாடம் விளையாட்டைப் பற்றிய படிப்பு. விளையாட்டுப் பயிற்சி தனியாக, காலையும் மாலையும் கிரவுண்டில் நடக்க வேண்டியது. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

மார்க் வராத பிள்ளைகள் எடுப்பது என்று உங்கள் கணவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. சில பள்ளிகளில் கணக்கு வராத பிள்ளைகளை, அவர்கள் கேட்காமலே, இந்தப் பாடத்தில் தள்ளிவிடுகிறார்கள். பாடத்தை நடத்தாமல் கையேட்டைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ரெக்கார்டைக் கடையிலிருந்து ரெடிமேடாக வாங்கி ஒட்டுகிறார்கள். 600 மீட்டர் ஓடாமலேயே ஓடிய நேரத்தை எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட பள்ளி என்றால் இது மார்க் வாங்கும் பாடம் மட்டுமே, தொழிலுக்கு ஒன்றும் ஒட்டாது.

அதனால் பள்ளியில் சேர்க்கைக்கு முன்னால் நேரில் போய்ப் பேசுங்கள். உடற்கல்வி தியரியை யார் எடுக்கிறார், அவர் உடற்கல்வி முதுகலைப் படிப்பான எம்.பி.எட். படித்தவரா, வாரத்துக்கு எத்தனை பீரியட், அந்த பீரியடில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாரா, பந்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாரா என்று கேளுங்கள். போன வருடத்துப் பிள்ளைகளின் ரெக்கார்டு ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள். உட்கார்ந்து முன்னால் நீட்டும் சோதனைக்கான பெட்டி பள்ளியில் இருக்கிறதா என்று மகளை விட்டுப் பார்த்துவரச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தைப் பெட்டியில் ஒட்டவைத்து, முட்டி மடங்காமல் விரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கிற சாதாரண மரப்பெட்டிதான் அது. உள்ளூர் தச்சர் செய்து கொடுத்துவிடுவார். அதுகூட இல்லாத பள்ளியில் செய்முறை எப்படி நடக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது குரூப் விஷயம். இங்கேதான் தப்பு செய்துவிடக் கூடாது.

பிசியோதெரபி என்பது பி.பி.டி. என்ற இளநிலைப் பட்டப் படிப்பு. நம் மாநிலத்தில் அதற்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். காமர்ஸ் எடுத்துவிட்டால் அந்தக் கதவு பதினாறு வயதிலேயே மூடிவிடும். உடற்கல்வியில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் திறக்காது. அதே சமயம் சி.பி.எஸ்.இ.யில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், உடற்கல்வி என்று ஐந்து பாடம் எடுக்க வழி இருக்கிறது. கணக்கும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம் என்கிற உயிரியல் பிள்ளைகள் வழக்கமாக எடுப்பது இந்தச் சேர்க்கைதான். உங்கள் பள்ளியில் இந்த குரூப் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். தசை, எலும்பு, இதயம், சுவாசம் எல்லாம் உயிரியலிலும் வரும், உடற்கல்வியிலும் வரும். ஒன்று மற்றதற்குக் கை கொடுக்கும். பி.பி.டி. முடித்து, அதற்கு மேல் முதுகலையான எம்.பி.டி.யில் விளையாட்டுப் பிரிவை எடுத்தால் அணிகளோடு வேலை செய்யும் பிசியோவாகலாம். நீண்ட படிப்புதான். அதன் நுழைவு விதிகளும் சமீப காலமாக மாறிக்கொண்டிருக்கின்றன. நீட் தேவையா இல்லையா என்பது உட்பட எதையும் பக்கத்து வீட்டார் சொன்னதாக நம்பாமல், அவள் சேரப்போகும் வருடத்துத் தகவல் குறிப்பேட்டை மட்டும் நம்புங்கள்.

நேரம் கிடைக்காது என்ற அவள் கவலையும் நியாயம்தான். ஆனால் நேரத்தைத் தின்பது உயிரியல் பாடம் இல்லை. உயிரியல் குரூப் என்றாலே நீட் கோச்சிங்கையும் சேர்த்துக் கட்டி, சாயங்காலம் ஆறரை வரை பிள்ளையைப் பிடித்துவைக்கும் வழக்கம்தான் தின்கிறது. நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் இது சகஜம். எங்களுக்கு அந்தக் கோச்சிங் வேண்டாம், நாலரை மணிக்குப் பிள்ளையை விட்டுவிடுவீர்களா என்று முன்கூட்டியே பேசி, ஒப்புக்கொண்டால் எழுதி வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு பள்ளி பாருங்கள். தினமும் காலை ஒன்றரை மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பள்ளி வயது வாலிபாலுக்குப் போதும்.

கோச் ஆவதற்கு எந்த குரூப்பும் தடையில்லை. ப்ளஸ் டூ முடித்ததும் மூன்று வருட உடற்கல்விப் பட்டமான பி.பி.இ.எஸ்., அல்லது ஏதாவது ஒரு பட்டம் முடித்து, உடற்கல்வி ஆசிரியருக்கான இரண்டு வருட பி.பி.எட். படிக்கலாம். ப்ளஸ் டூவில் உடற்கல்வி படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நம் மாநிலத்திலேயே இதற்கென்று நல்ல இடங்கள் இருக்கின்றன. சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் ஆரம்பித்தது. இந்த நாட்டு உடற்கல்விப் படிப்புக்கே அதுதான் தாய்வீடு. சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா, கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் கல்லூரி. வெளியே போகத் தயார் என்றால் குவாலியரில் லட்சுமிபாய் தேசிய நிறுவனம்.

இவை உடற்கல்வி ஆசிரியருக்கான படிப்புகள். முழுநேர வாலிபால் பயிற்சியாளர் என்றால் அதற்கு மேல் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸின் ஒரு வருட பயிற்சியாளர் டிப்ளமோ வேண்டும். பயிற்சியாளர் வேலை விளம்பரங்களில் முதலில் கேட்பது அதைத்தான். பட்டமும், தான் ஆடிய தரத்துக்கான சான்றிதழும் இருந்தால்தான் அங்கே இடம்.

வேலை நிலவரத்தை இனிப்புத் தடவாமல் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை நல்ல வேலை, ஆனால் இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் முதுகலை ஆசிரியர்களோடு சேர்த்துத் தேர்வு வைக்கிறது. 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாக எடுக்கப்பட்ட ஓவியம், தையல், உடற்கல்வி ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடியதை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். தனியார் பள்ளிகளில் வேலை சுலபமாகக் கிடைக்கும், சம்பளம் பள்ளிக்குப் பள்ளி மாறும். பெண் பி.டி. ஆசிரியைகளுக்குத் தேவை எப்போதும் இருக்கிறது. பெண்கள் அணியை வெளியூர் கூட்டிப்போக ஓர் ஆசிரியை வேண்டும் என்பதே முக்கியக் காரணம். இந்தத் துறையில் பிசியோதெரபி படித்தவருக்கு வேலை விளையாட்டை மட்டும் நம்பி இல்லை. மருத்துவமனை இருக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தருவது இருக்கிறது, சொந்த கிளினிக் இருக்கிறது. என் பெண்ணாக இருந்தால் அவளை உயிரியல் பக்கம்தான் தள்ளுவேன், வேதியியலில் அவள் அடியோடு திணறாத வரைக்கும். பத்தாம் வகுப்பு அறிவியலில் வேதியியல் பகுதி எப்படிப் போகிறது என்று இந்த அரையாண்டுத் தேர்வில் கவனித்துப் பாருங்கள்.

அடுத்து ஸ்போர்ட்ஸ் கோட்டா. பள்ளியில் சொன்னது தவறு என்று சொல்வதைவிட, அரைகுறை என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு உண்டு. பொறியியல், மருத்துவச் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. எல்லாமே எந்தப் போட்டியில் ஆடினாய், எந்த இடம் பிடித்தாய் என்ற சான்றிதழை வைத்துத்தான். ப்ளஸ் டூவில் நீ உடற்கல்வி படித்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துக்கொண்டே தேசிய அளவில் ஆடிய பிள்ளைக்குக் கோட்டா கிடைக்கும். உடற்கல்வியில் நூறு வாங்கி, பள்ளி அணியைத் தாண்டாத பிள்ளைக்குக் கிடைக்காது. மத்திய அரசு வேலைகளுக்கான படிவங்களில் பள்ளி அளவிலான தேசியப் போட்டிக்கு என்று படிவம் 4 இருக்கிறது. அதைக் கையெழுத்திட்டு வாங்குவது அவ்வளவு லேசில்லை.

உங்கள் மகளின் நிலை கிளஸ்டர். அதற்கு மேல் சி.பி.எஸ்.இ. தேசியப் போட்டி இருக்கிறது. அதில் தேறினால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டியில் சி.பி.எஸ்.இ. அணிக்கு ஆட வாய்ப்பு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளிப் பிரிவு தனியாக நடக்கிறது, 12 வயதிலிருந்து 19 வரை, அதையும் விடாதீர்கள். மாவட்ட வாலிபால் சங்கத்தில் பதிவு செய்து இளையோர் தேர்வுகளுக்கும் அனுப்புங்கள். தேசியப் போட்டியும் பொதுத்தேர்வும் ஒரே நாளில் வந்துவிட்டால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சி.பி.எஸ்.இ. சிறப்புத் தேர்வு வைக்கிறது. பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே பார்த்துவிடுங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்து, சரிபார்ப்பில் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. லேமினேஷன் செய்யாதீர்கள். மேலே சீல் வைக்க, கையெழுத்துப் போட முடியாமல் போய்விடும். சாதாரண பிளாஸ்டிக் கவர் போட்ட ஃபைல் போதும். பங்கேற்புச் சான்று, பரிசுச் சான்று இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

மார்க்காக இந்தப் பாடம் எங்கே உதவும் என்றும் கேட்பீர்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டும்தான் கட்-ஆஃபில் வரும், உடற்கல்வி வராது. டில்லி பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வில் உடற்கல்வி ஒரு பாடமாக இருக்கிறது, அங்கே பயன்படும். மற்றபடி மொத்த சதவீதத்தைத் தூக்கிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

கணவரிடம் எப்படிப் பேசுவது? வாதம் வேண்டாம். வருடம் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவருக்கு முதுகு வலி இல்லாமல் இருக்காது. யோகா அலகில் முதுகு வலிக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. எந்த ஆசனம் செய்யலாம், யார் எதைச் செய்யக் கூடாது என்பது வரை போட்டிருக்கும். ரத்த அழுத்தம் இருப்பவர் சர்வாங்காசனம் பக்கமே போகக் கூடாது என்று மகள் அப்பாவுக்கு எடுத்துச் சொல்லட்டும். அப்பாவுக்கு அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

இனி முட்டி வலி. நான் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. ஆனால் குதித்து ஆடும் வளரும் பிள்ளைகளுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் தலைப்பில் ஒரு மேடு மாதிரி வீங்கி, தொட்டால் வலிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். வளர்ச்சி வேகமாக இருக்கும் வயதில் தொடைத் தசையின் தசைநார் எலும்பை இழுப்பதால் வருவது. பெரும்பாலும் ஓய்வும், குதிப்பதைக் குறைப்பதும், தொடைத் தசைக்கான பயிற்சியுமே போதும். ஆனால் அதுதான் என்று நீங்களும் நானும் முடிவு கட்டக் கூடாது. இரண்டு மாதம் என்பது அதிகம். பந்தைப் பிடிக்கத் திரும்பும்போது முட்டி விலகுகிற மாதிரி இருக்கிறதா, வீக்கம் வந்து போகிறதா, படி இறங்கும்போது பூட்டிக்கொள்கிறதா என்று அவளிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். பெண்களுக்கு முட்டியின் உள்ளே இருக்கும் சிலுவைத் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம், குதித்து இறங்கும் ஆட்டங்களில் குறிப்பாக.

அதுவரை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஆடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்ப்ரே வலியை மரத்துப்போகச் செய்யும், காயத்தை ஆற்றாது. சும்மா வீட்டில் உட்காரவும் வேண்டாம்: செட்டருக்குக் குதிக்காமலே செய்ய நிறைய இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவரில் செட் போட்டுப் பழகலாம், மேட்ச் நடக்கும்போது ஸ்கோர் ஷீட் எழுதலாம். எழுதப் பழகினால் அடுத்த வருடம் போட்டி நிர்வாக அலகு வரும்போது பாதி பாடம் ஏற்கெனவே கையில் இருக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.